ஃபீனிக்ஸில் குடியேறுதல்: எந்த வெயிலைக் கணக்கில் எடுப்பது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸ், ஆண்டுக்குச் சுமார் 18 சென்டிமீட்டர் மழை மட்டுமே பெறும் சொனோரப் பாலைவனத்தில் இருக்கிறது. 1950இல் அங்கே ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 16 லட்சத்தைத் தாண்டி, நாட்டின் ஐந்தாவது பெரிய நகரமாகிவிட்டது. சாண்ட்லர், கில்பர்ட், மேசா, டெம்பி, ஸ்காட்ஸ்டேல் என்று சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் ஐம்பது லட்சத்தை ஒட்டி வரும். இன்டெல் 1980 முதல் சாண்ட்லரில் இருக்கிறது. தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் வடக்கு ஃபீனிக்ஸில் சிப் தொழிற்சாலை கட்டப்போவதாக 2020இல் அறிவித்தது. 1,200 கோடி டாலர் என்று தொடங்கிய முதலீட்டுத் திட்டம் 2025இல் 16,500 கோடி டாலருக்கு உயர்ந்தது. இந்த வேலைகளை நம்பிப் போகிறவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. ‘ஐம்பது டிகிரி வெயிலில் மனுஷன் இருப்பானா’ என்பது ஒன்று. ‘அங்கே எல்லாமே ஏசி, வெயிலே தெரியாது’ என்பது இன்னொன்று. இரண்டுமே வெயிலை ஊருக்குப் பொதுவான ஒரே அளவாக எடுத்துக்கொள்கின்றன. ஃபீனிக்ஸின் கோடை வாழ்க்கை வீட்டு ஏசி, கார் ஏசி, அலுவலக ஏசி என்று இடைவெளியில்லாமல் தொடரும் குளிர்ச்சியை நம்பி நடக்கிறது. அந்தத் தொடருக்குள் குடும்பத்தில் யார் யார் முழுநேரமும் இருக்க முடியும், யார் வெளியே நிற்க நேரும், அது ஓரிடத்தில் அறுந்தால் அன்றைக்கே சரிசெய்ய எவ்வளவு பணமும் ஆள்துணையும் இருக்கிறது என்பதை வைத்துத்தான் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் வெயிலின் அளவைப் பார்த்துவிடலாம். ஃபீனிக்ஸில் பதிவான உச்ச வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ்; அது 1990 ஜூன் 26 அன்று. ஆனால் ஒருநாள் உச்சம் பெரிய விஷயமில்லை. ஒரு நாளை எப்படியும் கடத்திவிடலாம். அங்கே வெயில் மாதக்கணக்கில் விடாமல் அடிக்கிறது. 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து வெப்பநிலை 110 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43.3 டிகிரிக்கு, குறையவில்லை. அதற்கு முந்தைய சாதனை 1974இல் பதிவான 18 நாட்கள். 2024இல் 113 நாட்கள் தொடர்ந்து 100 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. அதே ஆண்டில் 110ஐத் தொட்ட நாட்கள் மட்டும் 70. பகலைவிட இரவு இன்னும் முக்கியம். 2023 ஜூலை 19 அன்று அங்கே பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 36 டிகிரி. விடியற்காலையில், சூரியன் எழுவதற்குச் சற்று முன், ஊர் அதற்குமேல் குளிரவில்லை. அந்த மாதத்தின் இரவு பகல் சராசரி 39 டிகிரியைத் தாண்டியது. பாலைவனம் என்றால் பகலில் கொதித்து இரவில் குளிரும் என்பது பள்ளிப் பாடம். திறந்த மணல்வெளியில் அது சரிதான். ஆனால் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில் தாரும் கான்கிரீட்டும் போட்ட இடத்தில், பகலில் உள்வாங்கிய சூட்டைத் தரை இரவு முழுக்க வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. ஃபீனிக்ஸின் பகல் வெப்பம் உயர்ந்ததைவிட இரவு வெப்பம் வேகமாக உயர்ந்திருக்கிறது. பகலில் பட்ட சூட்டை உடம்பு ஆற்றிக்கொள்ளும் நேரம் இரவுதான். அந்த நேரமும் போய்விட்டால், ஏசி இல்லாதவருக்கு இருபத்துநான்கு மணிநேரமும் ஓய்வில்லை.

இங்கே வழக்கமாக வரும் மறுப்பு ஒன்று உண்டு. ஏசி வருவதற்கு முன்பும் அந்த ஊரில் மக்கள் வாழ்ந்தார்களே என்பார்கள். வாழ்ந்தார்கள். ஹோஹோகம் மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கே கால்வாய் வெட்டி வேளாண்மை செய்தார்கள்; பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஊர்களைக் கைவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தவர்கள் அந்தப் பழைய கால்வாய்த் தடங்களையே தூர்வாரி நகரத்தைத் தொடங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கோடை இரவுகளில் வாசல் திண்ணையில் கட்டில் போட்டு, போர்வையை நனைத்துப் போர்த்தித் தூங்கினார்கள். முடிந்தவர்கள் பெண்டு பிள்ளைகளைக் கோடை முழுக்க மலையூர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த வாழ்க்கைக்கு அடிப்படையே இரவில் காற்று குளிர்ந்ததுதான். இன்றைய ஊரில் அந்த இரவு கிடையாது. திண்ணை வைத்த வீடும் அநேகமாகக் கிடையாது. ஏசியை நம்பி, தாழ்ந்த கூரையும் பெரிய கண்ணாடி சன்னலுமாகக் கட்டப்பட்ட வீடுகளில் கரண்ட் இல்லாமல் இருப்பது 1930இல் இருந்ததைவிடக் கடினம். பழைய காலத்தைச் சான்றாகக் காட்டுவது இன்றைய ஃபீனிக்ஸுக்குப் பொருந்தாது.

சென்னையிலும் மதுரையிலும் வளர்ந்தவர்கள் சொல்லும் மறுப்பு இன்னும் வலுவானது. நாம் பார்க்காத வெயிலா, அங்கே காய்ந்த வெயில்தானே, புழுக்கம் இல்லையே என்பார்கள். இதில் பாதி உண்மை. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வியர்வை ஆவியாவது. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலையில் பார்த்தால், 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சென்னைப் பகல் சுமார் 29 டிகிரி வரும். 45 டிகிரியும் 10 சதவீத ஈரப்பதமும் உள்ள ஃபீனிக்ஸ் பகல் 21, 22 டிகிரிதான். பாரசீக வளைகுடாக் கரையில் உள்ள நகரங்களில் பாலைவனச் சூடும் கடலோர ஈரமும் சேர்ந்தே தாக்கும். ஃபீனிக்ஸில் அந்தச் சேர்க்கை பெரும்பாலும் இல்லை. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான ஒருவருக்கு ஃபீனிக்ஸின் மே மாதம் சென்னையின் மே மாதத்தைவிடச் சுகமாகக்கூட இருக்கலாம். மறுபாதியைத்தான் நம் ஊர்க்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடானால், வீசும் காற்றே உடம்புக்குள் சூட்டை ஏற்றுகிறது. மின்விசிறியைப் போட்டால் அனலைத்தான் அள்ளி வீசும். அதை ஈடுகட்ட உடம்பு விடாமல் வியர்க்க வேண்டும். காய்ந்த காற்றில் வியர்வை உடனுக்குடன் ஆவியாவதால் சட்டை நனைவதில்லை, எவ்வளவு நீர் போகிறது என்பதும் தெரிவதில்லை. சென்னைப் புழுக்கம் ‘போதும், உள்ளே போ’ என்று முன்கூட்டியே விரட்டும். காய்ந்த வெயிலில் அந்த எச்சரிக்கை தாமதமாகத்தான் வருகிறது. வியர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்களுக்கும், நீர் பிரிய மாத்திரை போடும் இரத்த அழுத்தக்காரர்களுக்கும் காய்ந்த வெயில் கருணை காட்டுவதில்லை. ஜூலையில் தொடங்கும் கோடை மழைப் பருவத்தில் ஈரமும் கொஞ்சம் ஏறும். அப்போது பழைய வீடுகளில் இருக்கும் தண்ணீர் கூலர்கள் கிட்டத்தட்டப் பயனற்றுப் போகின்றன.

சூரியனின் நேரடிச் சூடு தனிக் கணக்கு. வானிலை நிலையம் அளப்பது நிழலில் உள்ள காற்றை. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 70 டிகிரியைத் தாண்டுகிறது. ஃபீனிக்ஸில் உள்ள அரிசோனா தீக்காயச் சிகிச்சை மையத்துக்கு ஒவ்வொரு கோடையிலும் சாலையில் விழுந்து வெந்துபோனவர்கள் கொண்டுவரப்படுகிறார்கள். தடுக்கி விழுந்த முதியவர், மயங்கி விழுந்த நோயாளி, வெறுங்காலோடு வாசலுக்கு ஓடிய குழந்தை எல்லோரும் அதில் உண்டு. ஆழமான காயம் பட நிமிடக்கணக்கு வேண்டாம், சில நொடிகள் போதும். வெயிலில் நிறுத்திய காரின் சீட் பெல்ட் கொக்கியைக் கையால் தொட முடியாது. குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும், ஏனென்றால் பூமிக்கடியில் இருக்கும் குழாயும் சூடேறியிருக்கிறது. காமல்பேக் போன்ற குன்றுகளின் மலையேற்றப் பாதைகளைக் கடும் வெயில் எச்சரிக்கை நாட்களில் நகராட்சியே பகல் முழுக்க மூடிவிடுகிறது. பாலைவனத்துக்கே உரிய சகுவாரோ கள்ளிகள், நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கக்கூடியவை, 2023 கோடையில் இரவு வெப்பம் தாளாமல் சாய்ந்தன.

இந்த வெயிலில் யார் சாகிறார்கள் என்பதை ஃபீனிக்ஸ் அடங்கிய மாரிக்கோபா மாவட்டம் அக்கறையோடு பதிவுசெய்கிறது. அமெரிக்காவில் இவ்வளவு கவனமாக வெப்பச் சாவுகளை எண்ணும் இடங்கள் குறைவு. 2014இல் 61 பேர். 2022இல் 425. 2023இல் 645. 2024இல் 608. பத்தாண்டுகளில் பத்து மடங்கு என்பது காலநிலை மாற்றத்தால் மட்டும் வந்ததல்ல. வாடகை உயர்ந்து தெருவுக்கு வந்தவர்களின் பெருக்கமும், ஃபென்டனில், மெத் போன்ற போதைப் பொருட்களும் சேர்ந்ததன் விளைவு. 2023இல் இறந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வீடற்றவர்கள். பெரும்பான்மையோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இறந்தவர். வீட்டுக்குள் இறந்தவர்களைப் பற்றிய விவரத்தைத்தான் குடியேற நினைக்கும் ஒவ்வொருவரும் ஒன்றுக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஏசி இருந்தது, ஓடவில்லை. பழுதாகிக் கிடந்தது, அல்லது கரண்ட் இல்லை, அல்லது பில்லுக்குப் பயந்து அணைத்து வைத்திருந்தார்கள். 2018இல் சன் சிட்டி வெஸ்ட்டில் தனியாக வாழ்ந்த 72 வயதுப் பெண் ஒருவர், 51 டாலர் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் வெப்பத்தால் இறந்தார். அந்தச் செய்தி வெளியான பிறகு, 2019இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் தன் ஆளுகைக்கு உட்பட்ட மின் நிறுவனங்கள் கோடையில் இணைப்பைத் துண்டிக்கத் தடை விதித்தது. வாடகை வீட்டில் ஏசி இருந்தால் அறையை 28 டிகிரிக்குள் வைக்கும் திறன் அதற்கு இருக்க வேண்டும் என்பது ஃபீனிக்ஸ் நகராட்சியின் விதி. 2021இல் வெப்பத்துக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். ஆய்வாளர் டேவிட் ஹொண்டூலா அதன் முதல் இயக்குநர். 2024இல் நகராட்சியோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள் வெளிவேலைத் தொழிலாளர்களுக்கு நிழல், தண்ணீர், ஓய்வு தர வேண்டும் என்ற சட்டமும் வந்தது. சாவு எண்ணிக்கை 2024இல் குறைந்ததில் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் கோடை முந்தையதைவிட நீளமானது.

இதைப் படித்துவிட்டு, மாதச் சம்பளமும் நல்ல வீடும் உள்ள ஒரு பொறியாளர் குடும்பம் ‘அப்படியானால் இது நம்மைப் பற்றியதல்ல’ என்று முடிவுகட்டலாம். பெருமளவுக்கு அது சரியான முடிவு, இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அந்த வெயில் ஏழைகளையும் தனித்திருப்பவர்களையும் வெளியே உழைப்பவர்களையும்தான் கொல்கிறது. அதே ஊரில் அதே வேளையில், வசதியான பகுதியின் மரநிழலில் ஒரு தெருவும், மரமே இல்லாத தொழிலாளர் குடியிருப்பில் இன்னொரு தெருவும் சில டிகிரி வித்தியாசத்தில் இருக்கின்றன. தகரமும் மெல்லிய பலகையுமாக இருக்கும் நகரும் வீடுகளில் நேரும் சாவுகள் அந்த வீடுகளின் எண்ணிக்கைக்கு மிக அதிகம். ஆகவே கட்டட வேலைக்கோ, டெலிவரி ஓட்டவோ, கூரை போடவோ போகிறவருக்கு என் பதில் வேறு. கண்ணாடிக் கட்டடத்துக்குள் வேலை பார்க்கப் போகிறவருக்கு வேறு. முன்னவர் வேறு ஊரில் சற்றுக் குறைந்த கூலி கிடைத்தாலும் அங்கே போவதே நல்லது. பின்னவருடைய கணக்கு, குளிர்ச்சித் தொடர் எப்போதாவது அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியில் தொடங்குகிறது.

அறுவது இரண்டு வகை. வீட்டு ஏசி ஜூலையில் பழுதாவது முதல் வகை. அது சாதாரணமாக நடப்பது. இடைவிடாமல் ஓடும் எந்திரங்கள் அங்கே பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகின்றன. ஓய்வதும் அதிகம் ஓடும் மாதத்தில்தான், மெக்கானிக்குக்குக் கூட்டம் நிற்கும் நேரத்தில். புது எந்திரத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். அந்தத் தொகையைக் கையிருப்பில் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நாள் ஓட்டல் வாடகையோடு முடியும் தொல்லை. தவணைகளில் தத்தளிப்பவருக்கு ஆபத்து. இரண்டாவது வகை ஊர் முழுக்க மின்வெட்டு. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் பிரையன் ஸ்டோனும் குழுவினரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்ப அலையின்போது ஃபீனிக்ஸ் நகரம் முழுவதும் இரண்டு நாள் மின்சாரம் நின்று, பிறகு படிப்படியாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்கு, அதாவது நகர மக்களில் பாதிப்பேருக்கு, அவசரச் சிகிச்சை தேவைப்படும். கிட்டத்தட்ட 13,000 பேர் இறப்பார்கள் என்று வந்தது. இது வெறும் கற்பனை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. 2023இன் 31 நாட்களிலும் மின்கட்டமைப்பு தாக்குப்பிடித்தது என்று சுட்டிக்காட்டுகிறார்கள். அது உண்மை. நகரத்துக்கு மேற்கே உள்ள பாலோ வெர்டே அணுமின் நிலையம் ஆறோ கடலோ பக்கத்தில் இல்லாத பாலைவனத்தில், நகரின் சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டு குளிர்விக்கப்பட்டு ஓடுகிறது; அந்த அளவுக்குத் திட்டமிட்ட ஊர் அது. நிகழும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வாய்ப்பு குறைவாகவும் இழப்பு மிகப் பெரிதாகவும் உள்ள இடர்களை யாரும் தள்ளிவிடுவதில்லை, அவற்றுக்குத்தான் காப்பீடு எடுக்கிறோம். இங்கே காப்பீடு என்பது, தொட்டி நிறையப் பெட்ரோலோடு இருக்கும் கார், இரண்டு மணிநேரப் பயணத்தில் ஏறிவிடக்கூடிய ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற மலையூர், கூப்பிட்டால் வரும் அண்டைவீட்டார். புதிதாகக் குடியேறுகிறவருக்கு முதல் இரண்டும் பணத்தால் வரும். மூன்றாவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

வெயிலுக்கு அடுத்து எல்லோரும் எழுப்பும் கேள்வி தண்ணீர். இதில் பயம் அதிகமாகவும் விவரம் குறைவாகவும் இருக்கிறது. ஃபீனிக்ஸுக்கு மூன்று வழிகளில் தண்ணீர் வருகிறது. சால்ட், வெர்டே ஆறுகள் முதல் வழி. அவற்றின் நீர் 1911இல் முடிந்த ரூஸ்வெல்ட் அணை முதலானவற்றில் தேக்கப்படுகிறது. கொலராடோ ஆறு இரண்டாவது. அந்தத் தண்ணீரை மேடுகள் தாண்டி ஏற்றி, 540 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் கொண்டுவருகிறார்கள். 1973இல் தொடங்கிய அந்த வேலை இருபது ஆண்டு நடந்தது. மூன்றாவது நிலத்தடி நீர். நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால், கொலராடோவில் அரிசோனாவின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 122 டி.எம்.சி.; மேட்டூர் அணை நிரம்பினால் 93. ஆனால் 1968இல் இந்தக் கால்வாய்க்கு அனுமதி வாங்குவதற்காக, பற்றாக்குறை வந்தால் கலிபோர்னியாவுக்குப் பிறகே தன் கால்வாய்க்குத் தண்ணீர் என்று அரிசோனா ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலின் விலையை இப்போது கொடுக்கிறது. 2021இல் வரலாற்றில் முதன்முறையாக அந்த ஆற்றில் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, 2022க்கான அரிசோனாவின் பங்கில் 18 சதவீதம், சுமார் 22 டி.எம்.சி., வெட்டப்பட்டது. 2007இல் வகுத்த பங்கீட்டு விதிகள் 2026ஆம் ஆண்டோடு முடிகின்றன. அடுத்த விதிகள் அரிசோனாவுக்கு இன்னும் இறுக்கமாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

இருந்தாலும், தண்ணீர் தீர்ந்து ஊர் காலியாகும் என்ற முடிவுக்கு இந்த எண்கள் இட்டுச்செல்லவில்லை. அரிசோனாவின் தண்ணீரில் எழுபது சதவீதத்துக்கு மேல் வயலுக்குப் போகிறது. குதிரைமசாலும் பருத்தியும் பாலைவனத்தில் விளைகின்றன. மக்கள்தொகை பல மடங்கு பெருகியும் மாநிலம் இன்று 1957இல் செலவிட்டதைவிடக் குறைவான நீரையே செலவிடுகிறது, ஏனென்றால் வயலாக இருந்த நிலம்தான் பெரும்பாலும் வீட்டுமனையானது. நெருக்கடி முற்றினால் முதலில் வாடப்போவது உழவர்கள். 2022 வெட்டிலும் பெரும் அடி பட்டது மத்திய அரிசோனாவின் விவசாயிகளுக்குத்தான். அது அவர்களுக்கு நியாயமா என்பது பெரிய கேள்வி, அதை நகரவாசிகள் எளிதாகக் கடந்துபோகக் கூடாது. ஆனால் ‘என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமா’ என்று கேட்பவருக்குப் பதில், நகரத்தின் பெயரில் இல்லை, வீட்டின் முகவரியில் இருக்கிறது. ஃபீனிக்ஸ், டெம்பி, மேசா போன்ற பழைய நகராட்சிகளுக்கு உள்ளூர் ஆறுகளில் நூறாண்டு உரிமை உண்டு. ஓரத்தில் வளரும் பக்காய், குவீன் கிரீக் போன்ற இடங்கள் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியவை. புது மனைப்பிரிவுக்கு நூறாண்டுக்கான நீர் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது 1980இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின் வழியில் அமைந்த விதி. 2023 ஜூனில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ், நூறாண்டுத் தேவையில் நான்கு சதவீதம் குறையும் என்ற கணிப்பை வெளியிட்டு, நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புது மனைப்பிரிவுகளுக்கான அனுமதியை நிறுத்தினார். ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் அந்த விதி பொருந்தாது. அந்தச் சந்து வழியாக முளைத்த குடியிருப்புதான் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ். ஸ்காட்ஸ்டேலிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு 2023 ஜனவரி 1 முதல் அந்த நகரம் வழங்கலை நிறுத்தியது. லட்சக்கணக்கான டாலர் வீடுகளில் மழைநீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள், பாத்திரம் கழுவாமலிருக்கக் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். பிற்பாடு மாற்று ஏற்பாடு வந்தது. ஆகவே தண்ணீரை முன்னிட்டு ஃபீனிக்ஸை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஓரத்தில் மனை வாங்குவதைத்தான் வேண்டாம் என்று சொல்வேன்.

பாலைவனத்தில் ஏசி போட்டு ஊர் நடத்துவதே இயற்கைக்குச் செய்யும் துரோகம் என்றும் ஒரு கருத்து இருக்கிறது. மனச்சாட்சியோடு யோசிப்பவர்களை அது உறுத்தும். ஆனால் எண்கள் வேறு சொல்கின்றன. 45 டிகிரியை 25 ஆக்க இருபது டிகிரி இறக்கினால் போதும். மினசோட்டா குளிர்காலத்தில் மைனஸ் பதினைந்தை இருபது ஆக்க முப்பத்தைந்து டிகிரி ஏற்ற வேண்டும். மைக்கேல் சிவாக் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மயாமியைக் குளிர்விப்பதைவிட மினியாபொலிஸைச் சூடாக்க மூன்றரை மடங்கு ஆற்றல் தேவை என்று கணித்தது. பாலைவன நகரத்தைக் குறைசொல்வதானால் பரந்து விரிந்த சாலைகளையும் காரில்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத அமைப்பையும் சொல்லலாம். ஏசியை மட்டும் குற்றவாளியாக்குவது சரியல்ல.

அன்றாடத்துக்கு வந்தால், அங்கே ஆண்டு தலைகீழாக நடக்கிறது. அமெரிக்காவின் வடக்கில் மக்கள் பனிக்குப் பயந்து அடைந்துகிடக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை ஃபீனிக்ஸில் வாசல் திறந்திருக்கும். ஜனவரிப் பகல் இருபது டிகிரி. பூங்கா, திருவிழா, கிரிக்கெட் எல்லாம் அப்போதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுச்சிறை. குழந்தைகளின் கோடை விடுமுறை சரியாக இந்தச் சிறைக்காலத்தில் விழுகிறது. ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ, கொதிக்கும்போதே பள்ளி திறந்துவிடுகிறது. 1968 முதல் அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளுவதில்லை. மற்ற மாநிலங்கள் மாலையில் வெளிச்சம் நீளட்டும் என்கின்றன. இங்கே சூரியன் சீக்கிரம் விழட்டும் என்கிறார்கள். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் ‘வேலி ஃபீவர்’ என்ற நுரையீரல் நோயில், அமெரிக்காவில் பதிவாகும் நேர்வுகளில் பெரும்பங்கு அரிசோனாவில். பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். ஆனால் சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவைக்க வேண்டும், சாதாரண நிமோனியா என்று நினைத்துத் தவறான மருந்து கொடுக்கப்படுவது வழக்கம் என்பதால். புழுதிப்புயலும் கோடை ஓசோன் மாசும் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கூடுதல் சுமை.

நம்மவர்கள் தனியாக யோசிக்க வேண்டியது பெற்றோரைப் பற்றி. பேரப்பிள்ளையைப் பார்க்க அப்பா அம்மா வருவது வழக்கமாக மே, ஜூனில். ஊரில் வெயிலிலிருந்து தப்பியதாகவும் ஆகும் என்ற கணக்கு. நியூஜெர்சிக்கும் சியாட்டிலுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஃபீனிக்ஸுக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். பார்வையாளர் விசாவில் பொதுவாகக் கிடைக்கும் ஆறு மாதத்தை அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடித்தால், காலையும் மாலையும் நடக்கலாம், கோயிலுக்குப் போகலாம், நகரத்துக்குத் தெற்கே மாரிக்கோபா என்ற ஊரில் மகா கணபதி கோயில் இருக்கிறது. மே மாதம் வந்திறங்கும் எழுபது வயதுக்காரர், கார் ஓட்டத் தெரியாமல், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் மூடிய சன்னலுக்குள் நான்கு மாதம் உட்கார்ந்திருப்பார். பழக்கதோஷத்தில் பகல் பதினோரு மணிக்குத் தெருமுனை வரை நடந்துவிட்டு வரலாம் என்று அவர் கிளம்பும் நாள்தான் ஆபத்தான நாள். பெற்றோர் நிரந்தரமாகக் கூடவே இருக்கப்போகிறார்கள் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு ஊரைத் தேடலாம் என்பது என் அபிப்பிராயம். சம்பளம் சற்றுக் குறைந்தாலும்.

கடைசியாகக் கால அளவு. ஐந்தாண்டு வேலைக்குப் போவதும் முப்பதாண்டுக் கடனில் வீடு வாங்குவதும் ஒரே முடிவல்ல. ஐந்தாண்டுக்கு இன்றைய வெயிலும் இன்றைய நீர்ப்பங்கீடும் போதுமான வழிகாட்டி. முப்பதாண்டில் பூமி இன்னும் சூடேறும், நகரம் இன்னும் விரிந்து இரவு இன்னும் கனக்கும், கொலராடோ இன்னும் மெலியும். ஓரத்து வீடுகளின் மதிப்பு இதையெல்லாம் ஒருநாள் கணக்கில் எடுக்கும். எனவே வேலைக்குப் போகலாம் என்று முடிவானால், முதலில் வாடகைக்கே போக வேண்டும். நேர்காணலுக்கு பிப்ரவரியில் அழைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். அந்த இதமான காலையை வைத்து வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. ஒரு ஜூன் முதல் செப்டம்பர் வரை வாடகை வீட்டில் இருந்து பார்த்தால் தூக்கம் வருகிறதா, குழந்தை என்ன செய்கிறது, மின்கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். பிறகு வாங்க நினைக்கும் வீட்டின் சென்ற ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் பில்களைக் கேட்க வேண்டும். ஏசி எந்த ஆண்டில் போட்டது, ஒன்றா இரண்டா, மேற்குப் பக்கம் சன்னல் எத்தனை, கூரைக்குள் வெப்பத்தடுப்பு எவ்வளவு, தண்ணீர் தருவது எந்த நகராட்சி அல்லது நிறுவனம், அதன் உரிமை ஆற்றிலா நிலத்தடியிலா என்று எழுத்தில் பெற வேண்டும். இவற்றில் இரண்டு சரியில்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடலாம். குடும்பத்தில் ஒருவர் வெயிலில் நின்று உழைக்க வேண்டியிருக்கும், அல்லது ஏசி பழுதான அன்றைக்கே சரிசெய்யக் கையில் பணம் இருக்காது என்றால், வீடு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அந்த வேலையை ஏற்க வேண்டாம்.